பதினேழாம் எண் கிணறு சுத்தம்

விடியற்காலை மூன்று மணி பத்து நிமிடம். உரக் கிடங்குச் சாலை. கடைசித் தெருவிளக்கு கிடங்கின் வாசலோடு நின்றுவிடும். அதற்கு அப்புறம் ஒன்றரைக் கிலோமீட்டர்... ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் கம்பி வேலி. நடுவில் தார் பெயர்ந்த ரோடு. ரோட்டில் ஒரு ஜீப்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் காலை நீட்டிக்கொண்டிருப்பவரே, உங்களைத்தான் சொல்கிறேன்... காலை உள்ளே இழுங்கள். விளக்கை அணைக்க வேண்டாம், குறைத்தால் போதும். யாராவது நடுவில் சிரித்தால் நான் நிறுத்திவிடுவேன், அப்புறம் என்னைக் கெஞ்சக் கூடாது. இது எங்கேயோ யாரோ சொன்ன கட்டுக்கதை இல்லை. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவனுடைய தாய்மாமாவுக்கு நடந்தது. அந்த மனிதர் இன்னும் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார், அவ்வளவுதான் சொல்லலாம்.

அவர் நகராட்சியில் மூத்த நிலத்தடி நீர் நிபுணர். ஊருக்கு அடியில் ஓடுகிற தண்ணீருக்குக் காவல் இருப்பதுதான் வேலை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'பாதாளம்'. மனிதர் தரைக்கு மேலே நடக்கிற எதையும் கவனிக்க மாட்டார். சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவை போனபோது மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று கேட்காமல், "உங்க போர் எத்தனை அடி?" என்று கேட்டவர். அவர் மனைவி அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஊரில் இருபத்திரண்டு கிணறுகள் அவர் பொறுப்பு. கிணறு என்றதும் படிக்கட்டும் ராட்டினமும் நினைத்துக்கொள்ளாதீர்கள். போர்தான். ஆறங்குலக் குழாய், மேலே மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து, பாட்டிலில் எண் எழுதி ஒட்டி, பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வந்ததும் பாதாளம் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் தெருவில் இருப்பவர்கள் குழாயைத் திறப்பார்கள்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. குழாய்க்குள் தேங்கி நிற்கிற தண்ணீர் பழைய தண்ணீர், அதை நம்பக் கூடாது. குழாயில் எவ்வளவு நிற்கிறதோ அதைப் போல மூன்று மடங்கு இறைத்துக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிற புதுத் தண்ணீரில்தான் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். உரக் கிடங்குச் சாலையின் முடிவில் இருக்கிற பதினேழாம் எண் கிணற்றில் இதற்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். நாற்பதே நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்குச் சோம்பல் பட்டதுதான் கதை.

ஒன்பதாம் எண் கிணறு என்று ஒன்று இருக்கிறது. ஊருக்கு அந்தக் கோடியில், பாறை மேட்டுக்கு அப்பால். தண்ணீர் என்றால் அது தண்ணீர்! குளிர்ச்சி, நாக்கில் ஒரு மெல்லிய தித்திப்பு. பாதாளத்தின் வீட்டுக்கு வாரா வாரம் அங்கிருந்துதான் இருபது லிட்டர் கேன் போகும். பதினோரு வருஷமாகப் போகிறது. ஊருக்கெல்லாம் 'குடிக்கலாம்' என்று கையெழுத்துப் போடுகிறவர் தன் வீட்டுக்கு மட்டும் ஒன்பதைத் தவிர வேறு தண்ணீரை உள்ளே விட மாட்டார்.

அந்த ஜீப் விடியலுக்கு மூன்று மாதம் முன்னால் ஒரு சாயங்காலம். கொட்டுகொட்டென்று மழை. ஒன்பதில் வேலை முடிந்தது, வீட்டுக் கேனும் நிரப்பியாயிற்று. பாக்கி இருந்தது பதினேழு மட்டும். டிரைவர் ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பட்டப்பெயர் 'ஒத்தக்கியர்'. எந்த ரோட்டிலும் முதல் கியரைத் தாண்டாதவர். "சார், உரக் கிடங்கு ரோடு முழுக்க சேறு. உள்ள இறங்கினா வண்டி ஏறாது" என்று முன்பே சொல்லிவிட்டார்.

பாதாளத்தின் கையில் 'பதினேழு' என்று ஒட்டிய காலிப் பாட்டில். எதிரே ஒன்பதின் குழாயில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பிடித்தார். மூடினார். பெட்டிக்குள் வைத்தார். அவ்வளவுதான்.

'போன நாலு தடவையும் பதினேழு சுத்தமாத்தானே இருந்துச்சு. இந்தத் தடவை மட்டும் என்ன வந்துடப் போகுது?' மனசு அப்படித்தான் பேசும். யாருடைய மனசும் அப்படித்தான் பேசும். முடிவு வந்தது. பதினேழாம் எண் கிணறு, சுத்தம். கீழே கையெழுத்து.

அதே மழையில் கிடங்கின் பின்சுவர் இடிந்து விழுந்திருந்தது. நானூறு மூட்டை உரம் கரைந்து மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அதை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய ஆள் பாட்டிலோடு பாறை மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

நைட்ரேட் என்று ஒரு உப்பு. உரத்திலிருந்து தண்ணீரில் சேரும். உங்களை, என்னை அது ஒன்றும் செய்யாது. பிறந்து ஆறு மாதம் ஆகாத பிள்ளைகள் இருக்கிறார்களே... புட்டிப் பாலில் அந்தத் தண்ணீர் சேர்ந்தால், இரத்தத்துக்கு மூச்சைத் தாங்கும் சக்தி போய்விடும். உதடு நீலமாகும். நகம் நீலமாகும். காய்ச்சினால் போய்விடும் என்று நினைப்பீர்கள். போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நின்று இன்னும் கெட்டியாகும். ஆனால் மருந்து உண்டு. ஒரே ஒரு ஊசி. தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவருக்குத் தெரிந்துவிட்டால் பிழைத்துவிடும்.

பதினேழாம் கிணற்றின் தண்ணீர் போகிற தெருவில் கடைசி வீடு. ஒரு பெண், நாற்பது நாள் பிள்ளை. நீலமாகி ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே இருந்த டாக்டர் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட்டாராம். நகராட்சிக்குப் போன் போட்டுக் கேட்டார். பதில் என்ன போயிருக்கும்? பதினேழு, சுத்தம். சரி, அப்படியானால் இதயம்தான் என்று வேறு சிகிச்சை பார்த்தார்கள். பிள்ளை மறுநாள் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண் பாதாளத்தின் அறைக்கு வந்தாள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். அழவில்லை, கத்தவில்லை. மேஜை மேல் பாட்டிலை வைத்தாள்.

"உங்க கையெழுத்தாம் சார், சுத்தம்னு போட்டிருக்காம். அப்ப ஒரு வாய் குடிங்க."

பாதாளம் பாட்டிலைப் பார்த்தார். குடித்திருந்தால் அவருக்கு ஒரு கெடுதியும் வந்திருக்காது. அது அவருக்கே தெரியும். ஆனாலும் கை போகவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இது அதற்கும் மேலே. பாட்டிலுக்குள் நனைந்த சாக்கு வாடை அடித்தது. அது உரம் கரைந்த வாடை என்று மோந்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷ மூக்கு அல்லவா?

"காய்ச்சித்தான் சார் குடுத்தேன். நல்லா காய்ச்சித்தான் குடுத்தேன்."

"ரிப்போர்ட் சரியாத்தான்மா இருக்கு. தண்ணியில ஒண்ணும் இல்ல. குழந்தைக்கு ஹார்ட்டுல ஏதோ இருந்திருக்கு."

சொன்னார். வாய் கூசாமல் சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நிற்கும்போது வலது கை மட்டும் தன்னால் எழுந்து, இடது தோளைத் தட்டிக்கொண்டே இருந்தது. பால் குடித்த பிள்ளையை ஏப்பம் விடுவதற்காகத் தட்டுவார்களே, அப்படி. தோளில் ஒன்றும் இல்லை. தட்... தட்... தட்... அப்புறம் போய்விட்டாள். பாட்டில் மேஜை மேலேயே இருந்தது. பாதாளம் அதை எடுத்துக்கொண்டு போய், கை கழுவும் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டார். பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் என்ன வரும் என்று தெரிந்தவர் எப்படி அனுப்புவார்?

இதற்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் பாதாளத்தின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. முதல் பேத்தி. வீட்டில் எல்லோரும் 'சிட்டு' என்றார்கள். மகளுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டதால் சிட்டுவுக்குப் புட்டிப் பால்தான். தாத்தா அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். ஒன்பதாம் எண் கேன் இனிமேல் குழந்தைக்கு மட்டும். மற்றவர்கள் ஒரு டம்ளர்கூடத் தொடக் கூடாது. "எங்களைப் பார்த்தா மனுஷங்களா தெரியலையா?" என்று மனைவி கேட்டார். தெரியவில்லை போல, கேன் மூடியை இன்னும் இறுக்கித் திருகினார். கண்ணில் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு அந்தக் கேனைக் காவல் காத்தார்.

மூன்று மாதம் முடிந்தது. மறுபடியும் எல்லாக் கிணறுகளிலும் தண்ணீர் எடுக்க வேண்டிய தவணை. அதற்கு முன்னால் நீர்மட்டம் அளக்க வேண்டும். ஊரில் ஒரு மோட்டாரும் ஓடாத நேரத்தில்தான் மட்டம் அசையாமல் நிற்கும், அதனால் விடியலுக்கு முன்பே போவது வழக்கம். மற்ற கிணறுகளுக்கு ஆட்களை அனுப்பினார். பதினேழுக்கு மட்டும், "நானே பாத்துக்கறேன்" என்றார். முதலில் தான் மட்டும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். விஷயம் எவ்வளவு மோசம் என்று வேறொருவருக்குத் தெரிவதற்கு முன்னால்.

இப்போது வாருங்கள், அந்த மூன்று பத்துக்கு.

ஒத்தக்கியர் ஜீப்பை ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தினார். அங்கிருந்து நூறு அடி. பாதாளம் டார்ச், பெட்டி, அளவு நாடா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தனியாக நடந்தார். பாதி வழியில் வாடை வந்தது. நனைந்த சாக்கு வாடையை எதிர்பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் போனார். வந்தது அது இல்லை... பால் வாடை. கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் இருக்குமே, அந்தப் புளித்த பால் வாடை.

பூட்டைத் திறந்தார். நாடாவை இறக்கினார். அது ஒரு சக்கரத்தில் சுற்றிய நாடா, நுனியில் விரல் நீளத்துக்கு எஃகு முனை. முனை தண்ணீரைத் தொட்டதும் சக்கரத்தில் 'கீங்ங்' என்று சத்தம் வரும், எடுக்கும்வரை நிற்காது. பத்து மீட்டர்... இருபது... முப்பது. முப்பத்தொரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டரில் சத்தம் வந்தது. சரியான மட்டம்.

எழுதிக்கொள்ளக் குனிந்தார். சத்தம் நின்றது.

கீங்... நின்றது. கீங்... நின்றது. முனையை யாரோ தண்ணீரிலிருந்து தூக்கித் தூக்கி விடுவதுபோல. கேபிளில் கோளாறு என்று நினைத்து நாடாவை விரலால் பிடித்துப் பார்த்தார். கீழே இருந்து ஒரு இழுப்பு. பலமான இழுப்பு இல்லை... தொட்டிலில் கிடக்கிற பிள்ளை நம் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டு போகுமே, அவ்வளவுதான். அப்புறம் குழாய்க்குள்ளிருந்து, முப்பத்தொரு மீட்டர் ஆழத்திலிருந்து, ஒரு சப்புகிற சத்தம்.

கையில் சக்கரத்தோடு அப்படியே நின்றார்.

பின்னால் இன்னொரு சத்தம். தட்... தட்... தட்...

திரும்பினார். கடைசி வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். டார்ச் வெளிச்சத்தில் முகம் நன்றாகத் தெரிந்தது. தோளில் துணி சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பாதாளத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'அட, இன்னொண்ணு பொறந்திருக்கு போல!' என்று நினைத்தாராம். பெருமூச்சுகூட விட்டாராம். முதல் பிள்ளை போய் மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் இன்னொன்று எப்படிப் பிறக்கும் என்று அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. உங்களுக்கு மட்டும் உறைத்ததா? ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே.

"இப்பக் குடிங்க சார்" என்றாள்.

தண்ணீர் எடுக்கிற குழலைக் கயிற்றில் கட்டி இறக்கினார். மேலே வந்தது. பெட்டியிலிருந்து சோதனைப் பட்டை ஒன்றை எடுத்து நனைத்தார். நைட்ரேட் இருந்தால் அந்தப் பட்டை ஒரு நிமிடத்தில் இளஞ்சிவப்பாகும், அதிகம் இருந்தால் ஊதாவாகும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நிமிடம். வெள்ளை. இன்னொரு பட்டை. வெள்ளை. மூன்றாவது... வெள்ளைவெளேரென்று இருந்தது.

அவர் சிரித்துவிட்டார். குழலோடு அப்படியே வாயில் கவிழ்த்துக் குடித்தார். குளிர்ச்சி. நாக்கில் ஒரு மெல்லிய தித்திப்பு. 'இதை எங்கேயோ குடிச்சிருக்கேனே...' என்று ஒரு நினைப்பு வந்தது. சந்தோஷத்தில் அது தங்கவில்லை.

"பாத்தியாம்மா? சுத்தம்! நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

"நீங்க எழுதினா அப்படியேதான் சார் இருக்கும்" என்றாள் அவள்.

மூடியைப் போட்டுப் பூட்டிவிட்டு நிமிர்ந்தார். யாரும் இல்லை. தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. பூட்டிய மூடிக்குக் கீழே இருந்தது.

ஜீப்பில் ஏறியதும் ஒத்தக்கியர் கேட்டார். "யாரு சார் அங்க? குழந்தை சிணுங்கின மாதிரி இருந்துச்சு."

"கடைசி வீட்டுப் பொண்ணுய்யா. கைக்குழந்தையோட வந்து நிக்குது."

டிரைவரின் கால் கிளச்சிலிருந்து நழுவியது. வண்டி குலுங்கி நின்றுவிட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் பாதாளம் அப்போது பாட ஆரம்பித்திருந்தார். பத்து வருஷத்தில் சார் பாடி அவர் கேட்டதே இல்லை. ஏதோ பழைய பாட்டு, ராகமும் இல்லை தாளமும் இல்லை. பாடுகிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது என்று டிரைவர் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வரும்போது நாலு இருபது. சமையலறையில் விளக்கு எரிந்தது. மகள் பாதி தூக்கத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். மஞ்சள் துண்டில் சுற்றியிருந்தாள். அந்தத் துண்டின் ஓரம் கிழிந்து, பாட்டி சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்திருந்தார்.

"ரெண்டு நாளா ஒரு மாதிரியாவே இருக்காப்பா. அழக்கூட மாட்டேங்கறா."

"குடு இங்க. நீ போய்ப் படும்மா. இன்னைக்கு நான் பாத்துக்கறேன்."

பிளாஸ்கில் காய்ச்சிய தண்ணீர் தீர்ந்திருந்தது. தாத்தா கேனைச் சாய்த்துத் தண்ணீர் பிடித்தார். அடுப்பில் வைத்தார். நன்றாகக் கொதிக்க விட்டார், மகள் சொல்கிறபடி முழுசாகப் பத்து நிமிடம். ஆற்றினார். பவுடரைப் போட்டுக் குலுக்கினார். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். அப்புறம் மடியில் போட்டுக்கொண்டு புட்டியை வாயில் வைத்தார். சிட்டு சப்பிச் சப்பிக் குடித்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தது. மூன்று மாதமாக அவருக்கு அப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை. 'நான் எழுதினது பொய் இல்ல. யாரையும் நான் கொல்லல.'

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினார். தட்... தட்... தட்... ஒரு பத்துத் தட்டு தட்டிய பிறகுதான், தன் கை எந்தத் தாளத்தில் தட்டுகிறது என்று அவருக்குக் கேட்டது.

தொண்டை வறண்டது. பக்கத்தில் இருந்தது கேன்தான். அவசரத்தில் அதிலிருந்தே ஒரு டம்ளர் பிடித்து வாயில் ஊற்றினார்.

நனைந்த சாக்கு.

அப்படியே நின்றார். அப்போதுதான் அந்த நினைப்பு திரும்பி வந்தது. பதினேழில் குடித்த தண்ணீரை எங்கே குடித்திருக்கிறார்? இதே இடத்தில். இதே கேனிலிருந்து. பதினோரு வருஷமாக. இந்தத் தண்ணீர் அங்கே இருக்கிறது. அப்படியானால் அங்கே இருந்த தண்ணீர்...

பெட்டியைத் திறந்து பட்டையை எடுத்து டம்ளரில் விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இளஞ்சிவப்பு. கண்ணெதிரே ஊதா. விளக்குக்குக் கீழே குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். உதடு... சொல்ல வேண்டுமா நான்?

அதே ஆஸ்பத்திரி. அதே டாக்டர். மனைவி, மகள், பின்னால் கேனைத் தூக்கிக்கொண்டு ஒத்தக்கியர். நர்ஸ் இரத்தம் எடுத்தார், எடுத்துவிட்டுக் குழாயை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாக்லேட் நிறம்.

"தண்ணி டாக்டர், தண்ணியா இருக்கும்! நைட்ரேட்!" பாதாளம் கத்தினார். அதுவரை அவர் சரியாகத்தான் செய்தார், அதைச் சொல்லிவிட வேண்டும். பட்டைகளை எடுத்து டாக்டர் கையிலேயே கொடுத்தார். டாக்டர் கேனிலிருந்து தண்ணீர் எடுத்து நனைத்தார். எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

வெள்ளை.

இன்னொன்று. வெள்ளை. பாதாளம் கேனைப் பிடுங்கி உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தார். குளிர்ச்சி. தித்திப்பு.

டாக்டர் அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போகவில்லை. நேரம் இல்லை. எல்லோருக்கும் நடுவில் வைத்தே கேட்டார்.

"சார், ஊசி கையில இருக்கு. ஆனா காரணம் தப்பா இருந்தா இந்த ஊசியே குழந்தைய முடிச்சுடும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மூணு மாசம் முன்னாடி பதினேழாம் கிணத்துத் தெருவுலேருந்து ஒரு குழந்தை வந்துச்சு. இதே நீலம், இதே ரத்தம். அன்னைக்கும் நான் தண்ணியத்தான் நெனச்சேன். உங்க ரிப்போர்ட்ட நம்பித்தான் விட்டேன். அந்த ரிப்போர்ட் தப்புன்னா, ரெண்டும் ஒரே கேஸ். இப்பவே ஊசி போட்டுடறேன். சொல்லுங்க. அது சரியான ரிப்போர்ட்தானா?"

ஒரு வார்த்தை. 'தப்பு.' மூன்று எழுத்து, நடுவில் ஒரு புள்ளி. அதைச் சொன்னால் பேத்திக்கு ஊசி. அதைச் சொன்னால் மகள் முன்னால், மனைவி முன்னால், டிரைவர் முன்னால் அவர் ஒரு கொலைகாரர்.

சுவரில் கடிகாரம் ஓடியது. பாதாளம் மகளைப் பார்த்தார். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே நல்ல தண்ணீர் கொடுக்கிற அப்பா. அவர் மனசு மறுபடியும் பேசியது. பட்டை வெள்ளையாத்தானே இருக்கு? பதினேழும் வெள்ளைதானே? இப்பத்தானே குடிச்சுட்டு வந்தேன்? அப்ப நான் எழுதினது சரிதானே? ஒருவேளை நிஜமாவே ஹார்ட்டா இருந்தா? தப்பித்துக்கொள்ள அவருக்கு ஒரு சந்து வேண்டியிருந்தது. அதைக் கடைசி வீட்டுப் பெண் அன்று விடியற்காலை மூன்று பத்துக்கே திறந்து வைத்திருந்தாள்.

"சரிதான் டாக்டர்" என்றார்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "அப்ப ஹார்ட்தான்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. போகிற வழி உரக் கிடங்குச் சாலையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். கடைசித் தெருவிளக்கைத் தாண்டும்போது குழந்தை ஒரு தடவை சப்புக்கொட்டியதாம். அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

மகள் அழவில்லை. அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "காய்ச்சித்தானேப்பா குடுத்தேன்... நல்லா காய்ச்சித்தானே குடுத்தேன்..."

அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பாதாளத்துக்கு நன்றாகத் தெரியும். முன்பு ஒருத்திக்குச் சொன்னவர்தானே. ஆனால் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அதிகம் திறப்பதில்லை. நடந்தது அத்தனையையும் ஒரே ஒரு தடவை, ஒத்தக்கியரிடம் மட்டும் சொன்னார். அவர் சொல்லி என் நண்பனுக்கு, அவன் சொல்லி எனக்கு. ரிப்போர்ட்டை மட்டும் அவர் திருத்தவே இல்லை. இன்றைக்குப் போய் அந்த மாதத்துப் பக்கத்தைப் புரட்டினாலும் பதினேழு சுத்தம்தான்.

அவர் சொல்லி முடித்த பிறகுதான், ஜீப்பில் சொல்லாமல் விட்டதை டிரைவர் சொன்னார். "சார், அந்தப் பொண்ணு இல்ல சார். புள்ள போன பத்தாம் நாளே அதுவும் போய்ச் சேந்துடுச்சு. அந்த வீடு அப்பலேருந்து பூட்டித்தான் கெடக்கு."

சிட்டு போன அடுத்த வாரம் வேறொருவர் பதினேழுக்குப் போனார். விதிப்படி மூன்று மடங்கு இறைத்துக் கொட்டி, நாற்பது நிமிடம் காத்திருந்து, பாட்டிலைப் பிடித்தார். முடிவு வந்தது. குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. ஒன்பதையும் பார்த்தார்கள். பழையபடி சுத்தம். பதினேழை வெல்டிங் வைத்து மூடிவிடச் சொல்லி உத்தரவு வந்தது. மோட்டார்களை நிறுத்தும் ஆளையும் வெல்டரையும் ஏற்றிக்கொண்டு, விடியலுக்கு முன்னால் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனவர் ஒத்தக்கியர்தான்.

அவர் மற்ற இருவரையும் இறக்கிவிட்டு ஜீப் விளக்கைப் போட்டார். வெளிச்சம் நேராகக் கிணற்றின் மேல் விழுந்தது. மூடிக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். வெல்டருக்கும் இன்னொருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, அவர்கள் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள். இவருக்குத் தெரிந்தது. இடது தோளில் அந்தப் பழைய பொட்டலம். வலது தோளில் இன்னொன்று. மஞ்சள் துண்டு, ஓரத்தில் சிவப்பு நூல் தையல்.

இரண்டு கையாலும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தாள். தட்... தட்... தட்... தட்...

இரண்டில் ஒன்று ஏப்பம் விட்டது. எது என்று ஒத்தக்கியர் நின்று பார்க்கவில்லை.